சட்டையில் மாட்டிக்கொள்ளும் பாட்டுக் கேட்கும் கருவி

நேயர்களுக்கு வணக்கம்.

தீப்பெட்டியை விடச் சிறியதாக, சட்டைக் காலரிலேயே கிளிப்பால் மாட்டிக்கொள்ளக்கூடிய, பாட்டுக் கேட்கும் கருவிகளின் நிறைகுறைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இவ்வகையில் பலரும் அறிந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் ஷஃபிள். 2005-இல் அறிமுகமாகி, 2006-இல் கிளிப்பைப் பெற்று, 2010-இல் 12.5 கிராம் எடையில் வந்த அக்கருவியின் விற்பனை 2017-இல் நிறுத்தப்பட்டது. அது போன பின்னும் அவ்வடிவின் தேவை போய்விடவில்லை என்பதே என் எண்ணம்.

பலர் குறையாகச் சொல்லும் திரையின்மையையே நான் இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். பாடலை மாற்றுவதற்காகக் கைபேசியை எடுத்தவர், அதில் வந்திருக்கும் செய்தியைப் படிக்கத் தொடங்கி, நடந்ததையும் கேட்டதையும் மறந்து நின்றுவிடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். இங்கோ பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வட்டப் பொத்தானின் விளிம்பைக் கட்டைவிரல் தடவி அறிய, நடை தடைப்படாமலே அடுத்த பாடல் வந்துவிடுகிறது. ஒரு மணி நேர உரையில் விட்ட இடத்தைத் தேடுவதுதான் பெரும்பாடு.

அந்தப் பொத்தானின் அருமை 2009-இல் தெரிந்தது. அவ்வாண்டு வந்த மூன்றாம் தலைமுறை ஷஃபிளில் பொத்தான்களைக் கருவியிலிருந்து எடுத்து, காதில் மாட்டும் ஒலிப்பானின் வயரில் வைத்தார்கள். அந்த வயர் பழுதாகி வேறு சாதாரண வயரைச் செருகினால் பாட்டு ஒலிக்கும். ஆனால் ஒலியைக் குறைக்கவோ பாடலைத் தாண்டவோ வழியிராது. மறு ஆண்டே பொத்தான்கள் கருவிக்குத் திரும்பின.

மின்கலம் உள்ளேயே அடைபட்டிருப்பது இன்னொரு குறை. அது ஓய்ந்தால், மற்றெல்லாம் நன்றாக இருந்தும் கருவி பயனற்றுப் போகிறது. பயன்படுத்தாமல் வைத்திருப்போர் அவ்வப்போது மின்னேற்றம் செய்து வருவது நல்லது.

எனக்குப் பெரிதும் கவலை தருவது செவியின் நலம். வாரத்திற்கு 80 டெசிபல் ஒலியளவில் 40 மணி நேரம் கேட்கலாம் என்று வழிகாட்டும் உலக சுகாதார நிறுவனம், 90 டெசிபல் ஆகும்போது அதை 4 மணி நேரமாகக் குறைக்கிறது. திரையில்லாக் கருவி இதை நமக்குக் காட்டாது. போக்குவரத்து இரைச்சலுக்காகக் கூட்டிய ஒலி, அமைதியான இடத்திற்கு வந்த பிறகும் அப்படியே தொடர்கிறது. ஆகவே கிளம்புமுன் அமைதியான அறையிலேயே ஒலியளவை வைத்துக்கொண்டு, வீடு திரும்பும் வரை அதைக் கூட்டாமல் இருப்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.