ஒரு படம், இரண்டு நாடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

முத்தியால்பேட்டையில் எங்கள் பழைய வீட்டில் பாட்டியின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் அடியில், புடவைகளுக்குக் கீழே, ஒரு கட்டுக் கடிதங்கள். எல்லாம் வியட்நாமின் சைகோனிலிருந்து தாத்தா எழுதியவை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் உத்தியோகத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் இங்கிருந்து, வியட்நாமும் அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் வயது அப்போது எனக்கு இல்லை. உறையை வெந்நீரில் நனைத்துத் தபால்தலையை உரித்தெடுக்கும் வயது இருந்தது. அப்படி உரித்த ஒவ்வொரு தலையோடும் அதன் முத்திரையும் தேதியும் ஊரும் போய்விட்டன என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது.

அந்தத் தலைகளில் இருந்த பெயர் இந்தோசீனா. அதே காலத்தில் நம் ஊருக்கும் தனித் தபால்தலை இருந்தது. 1914இல் தொடங்கிய வரிசையில் பிரம்மாவின் உருவம் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள காளி கோயில் இருக்கிறது. 1923 முதல் அவற்றின் மேல் புதிய விலையை அச்சிட்டார்கள். 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். காஷ் என்பது நம் காசு. ஃபனோன் என்பது நம் பணம். நம்முடைய சொல், நம்முடைய சாமி, நம்முடைய கோயில். ஆனால் எதை வரைவது, எப்படி வரைவது என்று முடிவு செய்தவர்கள் நாம் அல்லர். 1942இல் வந்த தாமரைப் பூ வரிசை லண்டனில் அச்சானது. நம் பூவைக்கூட வேறொருவர் நமக்கு வரைந்து அனுப்பினார்.

இந்தப் பின்னணியோடுதான் வளரும் நாடுகள் தங்களுக்குள் வெளியிடும் நினைவுத் தபால்தலைகளை நான் பார்க்கிறேன். அதனால்தான் அவை எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

1954ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே மாதம் வியட்நாமின் தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அக்டோபர் 18இல் நம் கீழூரில் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. தாத்தா இருந்த ஊரிலும் பாட்டி இருந்த ஊரிலும் ஒரே ஆண்டில் ஒரே கொடி இறங்கத் தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. இந்தியா இருந்தது, பிரிந்து கிடந்த வியட்நாமின் இரு பகுதிகளும் இருந்தன. அந்த மாநாட்டுக்கு இந்தோனேசியா தபால்தலைகள் வெளியிட்டது. நேற்றுவரை அயலார் அச்சடித்துத் தந்த தலையை ஒட்டிய நாடுகள் கூடிய கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரே தலை வெளியிட்டார் என்பதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

இப்போது கூட்டு வெளியீடு என்ற முறை பரவலாகிவிட்டது. இரண்டு நாட்டு அஞ்சல் துறைகளும் பேசி ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கின்றன. படங்கள் பொது. ஒவ்வொரு நாடும் தன் பெயரையும் தன் நாணயத்தில் விலையையும் போட்டுத் தனித்தனியாக அச்சிடுகிறது. பெரிய நாட்டுக்குப் பெரிய தலை, சிறிய நாட்டுக்குச் சிறிய தலை என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தங்களில் இந்தச் சமத்துவம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று வாதிடலாம். தபால்தலையில் அது கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தியாவும் வியட்நாமும் 2018 ஜனவரியில் வெளியிட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சாஞ்சி தூபி, மற்றொன்றில் வியட்நாமின் ஃபோ மின் பௌத்த ஆலயம். தூதரக உறவின் ஐம்பது ஆண்டு நிறைவுக்காக 2023இல் வந்தவற்றில் நம் களரிப்பயிற்றும் அவர்களுடைய வோவினாம் என்ற தற்காப்புக் கலையும் இருந்தன. இரண்டில் எனக்குப் பிடித்தது பின்னது. கோயிலும் தூபியும் மிக அழகு, மறுக்கவில்லை. ஆனால் உறவைக் காட்ட வேண்டும் என்றால் உடனே பழம்பெருமையைத் தேடிப் போகிறோம். களரியும் வோவினாமும் இன்றைக்கும் இளைஞர்கள் வியர்வை சிந்திப் பழகும் கலைகள்.

அதற்கும் ஒரு படி மேலே போகலாம் என்பதுதான் என் வேண்டுகோள். மேகாங் டெல்டாவில் கூலோங் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதை நிறுவ இந்தியா உதவியது. போரில் நொந்த நாடு பிறகு உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக எழுந்தது. அது வியட்நாம் விவசாயியின் உழைப்பு. அந்தப் பாதையில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் பெண்ணும் மேகாங் கரையில் நாற்று நடும் பெண்ணும் ஒரே சேற்றில்தான் நிற்கிறார்கள். அந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தபால்தலை ஏன் வரக்கூடாது?

உழைப்பை வரைந்த தபால்தலைகளும் உண்டு. கென்யா, உகாண்டா, தான்சானியா என்ற மூன்று பெயர்களும் ஒரே தலையில் அச்சான காலம் ஒன்று இருந்தது. 1976இல் அந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவாக வந்த ரயில் வரிசையில் தான்சானியா–ஜாம்பியா ரயில்பாதை இடம்பெற்றது. கடல் இல்லாத நாடு ஜாம்பியா. வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) தயவில்லாமல் அதன் செம்பு துறைமுகத்துக்குப் போக வேண்டும். சீனா வட்டியில்லாக் கடன் தந்தது. ஆப்பிரிக்க, சீனத் தொழிலாளர்கள் சேர்ந்து 1,860 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். அதே வரிசையில் பழைய உகாண்டா ரயில்வேயின் என்ஜினும் உண்டு. அந்தப் பழைய பாதையை ஆங்கிலேயருக்காகப் போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகள். கூலிகளாகப் போய்ப் போட்ட பாதை ஒன்று, தோழர்களாகப் போய்ப் போட்ட பாதை ஒன்று. இரண்டும் அந்த ஒரு வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. என் சேகரிப்பில் நான் அடிக்கடி திறந்து பார்க்கும் பக்கம் அதுதான்.

நம் அஞ்சல் துறையும் இப்படிச் செய்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் இந்தியாவும் ஈரானும் சேர்ந்து வெளியிட்ட தலைகளில் நம் காண்ட்லா துறைமுகமும் அவர்களுடைய சாபஹார் துறைமுகமும் இருக்கின்றன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் காண்ட்லாவிலிருந்து சாபஹார் வழியாக ஆப்கானிஸ்தானுக்குக் கோதுமை போயிருந்தது. அந்தத் தலைகளைப் பார்க்கும்போது எனக்குக் கப்பலைவிட அந்தக் கோதுமை மூட்டைகள்தான் தெரிகின்றன.

புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் நடுவே ஓடிய கப்பலுக்கு மட்டும், நான் அறிந்தவரை, இன்னும் தலை இல்லை. மொரீஷியஸுக்குப் போன கப்பலுக்கும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் போர்ட் லூயி நகரைக் கட்டிய கைவினைஞர்களில் புதுச்சேரியிலிருந்து போன தமிழர்கள் இருந்தார்கள். அரசுகள் கைகுலுக்குவதற்கு முன்பே இந்த உறவுகளைச் சுமந்தவர்கள் அவர்கள்.

தபால்தலைக்கான யோசனையைப் பொதுமக்களும் அஞ்சல் துறைக்கு அனுப்பலாம். நான் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சான்றுகள் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ சைகோன், ஹனோய், போர்ட் லூயி கடிதங்கள் இருந்தால் தயவுசெய்து உறையைக் கிழிக்காதீர்கள். தபால்தலையை உரிக்காதீர்கள். எழுதியவர் யார், என்ன வேலை பார்த்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து, உறையோடு சேர்த்து வையுங்கள்.

பாட்டியின் கடிதக் கட்டுக்குள் என் கைக்குத் தப்பிய உறை ஒன்றே ஒன்று இருக்கிறது. தலை, முத்திரை, தாத்தாவின் சாய்ந்த கையெழுத்து எல்லாம் அப்படியே உள்ளன. அதன் நகலை என் விண்ணப்பத்தோடு இணைத்து, ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்தில் இந்த வாரம் பதிவுத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.