ஆணையிட்டது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ரஷ்யாவின் கடைசி ஜார், அதாவது மன்னர், இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தோடு கொல்லப்பட்ட செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1918 ஜூலை 17 அதிகாலை. யெகாதெரின்பர்க் நகரம், அவர்களைச் சிறைவைத்திருந்த இபாத்தியேவ் வீட்டின் கீழ்த்தள அறை. மன்னர், அரசி, நான்கு மகள்கள், பதினான்கு வயது நிரம்பாத மகன் அலெக்ஸி. கூடவே மருத்துவர், பணிப்பெண், சமையல்காரர், பணியாள். மொத்தம் 11 பேர். சுட்ட குழுவின் தலைவர் யாக்கோவ் யூரோவ்ஸ்கி. பிற்பாடு அவரே அதை எழுதி வைத்தார். அப்படியானால், சுடும்படி யூரோவ்ஸ்கிக்கு ஆணையிட்டது யார்? பல வருடங்களாக என்னை விடாத கேள்வி இது.

அந்த வீட்டில் லியோனித் செத்னேவ் என்றொரு சமையலறைப் பையன் இருந்தான். அலெக்ஸியின் விளையாட்டுத் தோழன். ஜூலை 16ஆம் தேதி, சொந்தக்காரர் பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்லி அவனை வெளியே கூட்டிப்போனார்கள். அந்தச் சொந்தக்காரரோ அதற்குச் சில வாரங்கள் முன்பே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பையன் திரும்பி வருவானா என்ற சந்தேகத்தை அரசி அன்று தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். பையன் பிழைத்தான். சமையல்காரர் பிழைக்கவில்லை. வெறியில் திடீரென்று நடந்ததாக இனி யாராவது சொன்னால் இந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முடிவு எங்கே எடுக்கப்பட்டது? உரால் வட்டார சோவியத்தில், அதாவது அந்தப் பகுதியை ஆண்ட போல்ஷெவிக் கம்யூனிஸ்டுகளின் ஆட்சிக்குழுவில் என்பது அதிகாரபூர்வமான பதில். போல்ஷெவிக்குகளை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப் படையும் செக் படையும் நெருங்கி வந்தன. ஜூலை 25ஆம் தேதி நகரம் அவர்கள் கைக்குப் போனது. அந்த அவசரம் உண்மைதான். ஆனால் உரால் தலைவர்களில் ஒருவரான கோலோஷ்சோகின் ஜூலை தொடக்கத்தில் மாஸ்கோவில்தான் இருந்தார், அங்கே மத்திய ஆட்சிக்குழுவின் தலைவராக இருந்த ஸ்வெர்த்லோவின் வீட்டில் தங்கியிருந்தார். முடிவு மாஸ்கோவில் எடுக்கப்பட்டது என்று ஸ்வெர்த்லோவ் தன்னிடம் சொன்னதாக இன்னொரு போல்ஷெவிக் தலைவரான ட்ராட்ஸ்கி 1935ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதினார். அரசின் தலைவரான லெனின் கையெழுத்திட்ட ஆணை இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் அவருக்குப் பொறுப்பில்லை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஏனென்றால் ஒரு தந்தி இருக்கிறது. ஜூலை 17ஆம் தேதி யெகாதெரின்பர்க்கிலிருந்து உரால் சோவியத்தின் தலைவர் பெலோபோரோதோவ் மாஸ்கோவுக்கு அனுப்பிய, எண்களால் ஆன ரகசியத் தந்தி. குடும்பத் தலைவருக்கு நேர்ந்த கதியே முழுக் குடும்பத்துக்கும் நேர்ந்தது என்று ஸ்வெர்த்லோவிடம் சொல்லுங்கள், வெளியில் மட்டும் இடம் மாற்றும்போது இறந்ததாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். மறுநாள் ஸ்வெர்த்லோவ் தலைமையிலான குழு, உரால் முடிவு சரியானதே என்று ஏற்றது. வெளியே வந்த அறிவிப்பு என்ன சொன்னது தெரியுமா? மன்னர் மட்டுமே சுடப்பட்டார், மனைவியும் மகனும் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார்கள் என்று! குழந்தைகளைக் கொன்றதை மறைத்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆணைத் தாளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பொய்யையும் ஆவணமாகப் படிக்க வேண்டும்.

பிரிட்டனைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நிலையத்தார் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். 1917 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு இவர்களுக்கு அடைக்கலம் தர முன்வந்தது. நிக்கோலஸின் சொந்தப் பெரியம்மா மகனான ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வற்புறுத்தியதால் அது கைவிடப்பட்டது. வணக்கம்.