புதிய சிலந்திக்குப் பெயர் வைப்பது

நேயர்களுக்கு வணக்கம். சுவரில் ஊர்ந்துகொண்டிருக்கும் சின்னஞ்சிறு சிலந்தி ஒன்று, நீங்கள் விரலை அருகே கொண்டுபோனதும் ஓடாமல் நின்று, திரும்பி உங்களையே பார்த்திருக்கும். அதுதான் குதிக்கும் சிலந்தி. வலையில் உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமை பெரும்பாலும் அதற்குக் கிடையாது. இரையைக் கண்ணால் கண்டு, பதுங்கிப்போய்ப் பாய்ந்து பிடிக்கும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசுவேன். எனக்குக் கொடுத்திருப்பதோ சில நிமிடங்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சிலந்திக் குடும்பங்களில் மிகப் பெரியது இது. 6,000க்கும் மேற்பட்ட இனங்களுக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. உலகச் சிலந்திப் பட்டியலில் 2022ஆம் ஆண்டு 50,000ஆவது இனமாக இடம்பெற்றதும் ஒரு குதிக்கும் சிலந்திதான். ஆகவே, "இது புதிது" என்று ஒருவர் சொன்னால், பழையவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்களா என்பதே முதல் கேள்வி. விலங்குகளின் அறிவியல் பெயர்க் கணக்கு 1758இல் இயற்கை அறிஞர் லின்னேயசின் நூலோடு தொடங்குகிறது. சிலந்திகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: சுவீடனின் கார்ல் கிளார்க் 1757இலேயே வெளியிட்ட நூலில் உள்ள பெயர்களும் செல்லும். அவ்வளவு தூரம் பின்னால் போய்த் தேட வேண்டும்.

எதை வைத்து ஒப்பிடுவது? நிறத்தை வைத்து என்பீர்கள். நிறத்தை நம்பவே கூடாது. உடலை மூடியிருக்கும் நுண்செதில்கள் உதிர்ந்தால் கோலமே மாறிவிடும். கெடாமல் வைக்க எத்தனால் என்ற சாராயத்தில் ஊறவைத்தால் நிறம் மங்கும். நம்பத் தகுந்தவை இனப்பெருக்க உறுப்புகள். ஆணுக்கு வாயருகே குட்டிக் கால்கள் போல இரண்டு உறுப்புகள் உண்டு; அவற்றின் நுனி புடைத்திருக்கும். பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கம் சிறு தகடு ஒன்று இருக்கும். இரண்டும் பூட்டும் சாவியும் போல என்று சொல்வது வழக்கம். அந்தப் பொருத்தம் முழுக்கச் சரியில்லை என்றாலும், இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் வேறுபடும். கடைசித் தோலுரிப்பு முடிந்த பிறகுதான் அவை முழு உருவம் பெறும். எனவே குஞ்சைக் காட்டி என்ன இனம் என்று கேட்டால், வளரட்டும் என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இங்கே நான் எப்போதும் பிடித்துக்கொண்டு தொங்கும் ஒரு விஷயம் இருக்கிறது: ஆண், பெண் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து எழுதுவதை விதி தடுக்கவில்லை, ஆனால் வேலை பாதியில்தான் நிற்கிறது. 1896இல் ஜார்ஜ், எலிசபெத் பெக்காம் தம்பதியர் பகீரா கிப்ளிங்கி என்ற சிலந்தியை விவரித்தார்கள். அவர்களிடம் இருந்தது ஆண் மட்டுமே. பெண்ணை ஒருவர் விவரித்தபோது ஆண்டு 1996! நூறு ஆண்டுகள் அந்த ஆண் தனியாகவே நூல்களில் இருந்தது. அதன் சாப்பாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. சிலந்தி என்றால் வேட்டைக்காரன் என்றுதானே நினைப்போம்? இதுவோ எறும்புகள் காவல் காக்கும் வேலமரங்களில் வாழ்கிறது. அந்த எறும்புகளுக்கென்று மரம் இலை நுனியில் சத்துள்ள சிறு உருண்டைகளை வைத்திருக்கும். எறும்புகளுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு இந்தச் சிலந்தி அவற்றைத் தின்கிறது. அதன் உணவில் பெரும்பகுதி அதுதான். இது ஆய்விதழில் வெளிவந்தது 2009இல். நுண்ணோக்கியின் கீழ் கிடக்கும் சிலந்தி இதையெல்லாம் சொல்லாது. அதனால்தான் சொல்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்: ஆண், பெண் இரண்டையும் தேடுங்கள், முடிந்தால் உயிரோடு வைத்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பெயரைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன்! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு அடிப்படையான ஒரு சிலந்தியை, பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டோடு, பிறர் வந்து பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். நெருங்கிய இனங்களின் தொகுதியான பேரினத்தின் பெயர் முன்னால், இனப் பெயர் பின்னால். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது தடையில்லை, ஆனால் யாரும் மதிக்கமாட்டார்கள். நன்றி, வணக்கம்.