மகனின் முதல் மான்: அம்பு விட்டது பதிவாகவில்லை, மற்றது எல்லாம் பதிவாகிவிட்டது

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? குரல் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. முந்தாநாள் மாலை என் மகன் முதல்முறையாக வில்லால் ஒரு மானை வேட்டையாடினான். வயது பதினைந்து. மூன்று வருடப் பயிற்சி, இரண்டு சீசன் வெறுங்கையோடு திரும்பியது, அப்புறம் இது.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் அம்பு விடுகிற காட்சி இந்த வீடியோவில் இல்லை. கேமரா இருந்தது, பேட்டரி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் தடித்த கையுறையோடு பொத்தானை அழுத்தியதில் அது அழுந்தவே இல்லை. எல்லாம் முடிந்து, பதிவை நிறுத்துவதாக நினைத்து மறுபடி அழுத்தினேன். அப்போது சரியாக அழுந்திவிட்டது. அதாவது, அந்த நிமிடத்தில்தான் பதிவே தொடங்கியிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியம் இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. இங்கிலாந்தில் உரிய துப்பாக்கியால் மானைச் சுடலாம், வில்லைத் தொடக் கூடாது. அனுமதி உள்ள இடத்திலும் உரிமம், சீசன், எத்தனை மான் என்ற கணக்கு எல்லாம் உண்டு. ஆகவே "எங்கள் ஊர்க் காட்டில் முயற்சி செய்யலாமா" என்று கேட்காதீர்கள்.

இவனுடைய வில் ஒரு காம்பவுண்ட் வில். இரண்டு நுனியிலும் உருளைகள் வைத்த வகை. அதைப் பற்றி என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் தெரியும். 1966இல் அமெரிக்காவில் ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் இதற்குக் காப்புரிமை கேட்டார், 1969இல் கிடைத்தது, அதற்கு முன்பு எல்லோரும் முழு இழுவையையும் கையால் தாங்கினார்கள் என்று சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் எடுப்பான். சரிதான், அதுதான் இதன் சூட்சுமம். இவன் வில்லின் இழுவை 45 பவுண்டு. நாணை முழுதாக இழுத்த பிறகு உருளைகள் எண்பது சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். விரலில் நிற்பது 9 பவுண்டுதான். மான் திரும்பி நிற்கும்வரை காத்திருக்க முடிவது அதனால்தான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். முதல் வருடம் இவன் அம்பை நொந்தான், வில்லை நொந்தான், காற்றை நொந்தான், நேரம் இருந்தால் என்னையும் நொந்தான். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5,000 ஆண்டுக்கு மேல் கிடந்த ஓட்ஸி மனிதனின் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன, அவற்றில் முடிக்கப்பட்டவை இரண்டுதான் என்று எங்கோ படித்துவிட்டு வந்து, "பாத்தியாம்மா, அவருக்கே அப்படித்தான்" என்றான். அந்த வாரம் இவன் தொலைத்த அம்புகளின் எண்ணிக்கையை நான் சொல்லப் போவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு விதி. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வட்டத்துக்குள் எந்தத் தூரத்திலிருந்து எல்லா அம்பும் விழுகிறதோ, அதுதான் உன் தூரம். மானின் நெஞ்சில், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். இந்த சீசன் தொடங்கும்போது இவனுக்கு 25 கஜம் வரை கைகூடியிருந்தது. அவனாகவே, "நான் இருபதுக்கு மேல விடமாட்டேன்" என்றான். ஏன் என்று கேட்டேன். காட்டில் கை நடுங்கும் இல்லையா, அதற்குத்தான் அந்த ஐந்து கஜம் என்றான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் முந்தாநாள் கதை புரியும்.

அன்றும் இதே மறைவுக் கூடாரம்தான். உள்பக்கம் கறுப்புத் துணி, ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, முன்னால் சின்ன ஜன்னல். 16 கஜத்தில் ஒரு பெண்மான் பக்கவாட்டில் வந்து நின்றது. இதைவிடச் சுலபமான வாய்ப்பு கிடைக்காது. நாணை இழுத்தான். நின்றான். இன்னும் நின்றான். எனக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது, விடுடா, விடுடா என்று. தோள் லேசாக ஆடத் தொடங்கியது. அப்புறம் மெல்ல நாணைத் திரும்ப விட்டுவிட்டான். அப்படி விடும்போது ஒரு கட்டத்தில் உருளைகள் சட்டென்று கையை முன்னால் இழுக்கும். அம்பு கூடாரத் துணியில் உரசியது. மான் ஒரே பாய்ச்சலில் போய்விட்டது, அதன் பின்னால் இன்னொன்றும் ஓடியது.

"ஏன்டா விடல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "பின்னாடி குட்டி நின்னுச்சும்மா. காது மட்டும் தெரிஞ்சுது."

நான் உட்கார்ந்த கோணத்திலிருந்து அது தெரியவே இல்லை. நன்றாகப் பட்ட அம்பு பெரும்பாலும் உடம்பைத் துளைத்து மறுபக்கம் வெளியே போய்விடும். பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்காமல் விடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சொல்லிக்கொடுத்தவளே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பும் வழியில் எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, முந்தாநாள். மதியம் மூன்று மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டோம். காற்று எங்கள் முகத்தில் அடித்தது, அதாவது எங்கள் வாசனை பின்பக்கம் போகிறது. மானிடம் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. ஒரு அணில் மட்டும் காய்ந்த சருகில் யானை நடப்பதைப் போலச் சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தது.

சூரியன் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்திருக்கும். இவன் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. எங்களுக்குள் அதுதான் சைகை. தனியாக ஒரு பெண்மான். தூரமானியில் ஏற்கெனவே மரங்களை அளந்து வைத்திருந்தோம். அந்தக் கவட்டை மரம் 18 கஜம். நான் கேமராவை அழுத்தினேன், அதாவது அழுத்தியதாக நினைத்தேன்.

மான் தலையைக் குனிந்ததும் நாணை இழுத்தான். இந்தமுறை தோள் ஆடவில்லை. அவன் உதட்டைப் பார்த்தேன், என்னவோ முணுமுணுத்தது. பிறகு கேட்டபோது, "பின்னாடி ஒண்ணும் இல்ல, பின்னாடி ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

அவன் அம்பு நொடிக்கு 250 அடி போகும். ஒலி அதைப் போல் நாலு மடங்குக்கும் மேல் வேகம். ஆக, நாண் அதிர்கிற சத்தம் முதலில் மான் காதுக்குப் போய்விடும், அம்பு பின்னால்தான் வரும். சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும், குறி மேலே தப்பிவிடும். அந்த 18 கஜத்தில் அம்புக்கு ஆகிற நேரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான், அதற்குள்ளே இத்தனையும். தூரத்தைக் குறைத்துக்கொள் என்று நான் சலிக்காமல் சொல்வது இதற்குத்தான்.

பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு சத்தம். மான் பின்காலை உதைத்துவிட்டு இடப்பக்கப் புதருக்குள் ஓடியது. இவன் வில்லை மடியில் வைத்தான். அதற்கப்புறம்தான் கை நடுங்கத் தொடங்கியது, நாற்காலியே கிடுகிடுவென்று ஆடியது. நான் கேமராவை "நிறுத்தினேன்".

இங்கே என் கதை ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சேனலில் இதுவரை சொன்னதில்லை. நான் முதன்முதலில் எய்த மான் எனக்குக் கிடைக்கவில்லை. அம்பு பின்னால் தள்ளி, வயிற்றில் பட்டுவிட்டது. அப்படிப் பட்டால் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். அது பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும், தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். நான் பத்தே நிமிடத்தில் இறங்கிப் போனேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. ராத்திரி மழை வந்து தடத்தையும் கழுவிவிட்டது. இரண்டு நாள் தேடினேன். போன வருடம் ஒருநாள் இவனிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டான். மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

முந்தாநாள் நாற்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டான். வாட்சைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டான்.

அப்புறம் போய் அம்பைப் பார்த்தோம். மண்ணில் குத்தி நின்றது. அதைத் தொடாமல் குனிந்து, டார்ச் அடித்து, இளஞ்சிவப்பு ரத்தத்தில் பொடிப்பொடியாக நுரை இருப்பதை எனக்குக் காட்டினான். நுரை என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், பச்சையாக நாற்றம் அடித்தால் வயிறு. ஒவ்வொரு ரத்தத் துளி கிடைத்த இடத்திலும் என்னை நிற்க வைத்துவிட்டு அடுத்ததை அவன் தேடினான். மொத்தம் எழுபது தப்படிதான். பின்பக்கமாகப் போய் ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். இமைக்கவில்லை.

கத்துவான், குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். முழங்காலிட்டு உட்கார்ந்து, அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தான். "இன்னும் சூடா இருக்கும்மா" என்றான். குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான். போட்டோவில் இரண்டு பேருமே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறோம், அதனால் அதைப் போடவில்லை.

அதற்கப்புறம் வேலைதான். டேக், அதாவது உரிமத்துக்கான அடையாளச் சீட்டைக் கட்டியது, குடலை எடுத்து உடம்புச் சூட்டை வெளியேற்றியது, இழுத்துக்கொண்டு வந்தது. கத்தியை முக்கால்வாசி நேரம் அவன்தான் பிடித்தான், நான் டார்ச் பிடித்தேன். இதைப் பற்றித் தனி வீடியோ ஏற்கெனவே இருக்கிறது.

நேற்றுக் காலையில்தான் கேமராவைக் கணினியில் போட்டேன். அம்பு விட்டதைத் தேடினால் இல்லை. கறுப்பாக ஒரே ஒரு வீடியோ, நாற்பத்திரண்டு நிமிடம். கேமராவை மடியில் கவிழ்த்து வைத்திருந்திருக்கிறேன், படம் ஒன்றும் இல்லை, ஒலி மட்டும். இவனை உட்கார வைத்து, "மன்னிச்சுக்கடா, உன் ஷாட் பதிவாகல" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு, "அது எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்று ரொட்டியைக் கடித்தான்.

அந்த ஒலியில் ஒரு துண்டை இப்போது போடுகிறேன். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு குரல் "போலாமா?" என்று கேட்கும். அது நான். இருபதாவது நிமிடத்தில் மறுபடி கேட்கும். அதுவும் நான்தான். இரண்டு தடவையும் பதில் சொல்கிற குரலைக் கேளுங்கள்.

"இன்னும் இல்லம்மா. உக்காரு."