சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது?

[திரையில்: ஒரு வீட்டு வாசல். கதவு மூடியிருக்கிறது.]

2014 மார்ச். அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. உள்ளே ஆந்திரே லிண்டே, அவர் மனைவி ரெனாட்டா கல்லோஷ். இருவருமே இயற்பியலாளர்கள். ஏதோ பார்சல் என்று நினைத்துத்தான் கதவைத் திறக்கிறார்கள். வாசலில் நிற்பவர் சாவ்-லின் குவோ, தென் துருவத்தில் இருக்கும் பைசெப்-2 தொலைநோக்கியின் குழுவைச் சேர்ந்தவர். அவர் கொண்டுவந்தது ஓர் எண்: 0.2. கேட்டதுமே கல்லோஷ் அவரைக் கட்டிக்கொள்கிறார். லிண்டே, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிறார். அப்புறம் ஷாம்பெயின் திறக்கப்படுகிறது.

அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? அதற்கு முதலில் ஒரு சுவரைப் பற்றிப் பேச வேண்டும்.

[திரையில்: விண்மீன் கூட்டங்கள் பின்னோக்கி நகர்கின்றன. கடைசியில் எங்கும் ஆரஞ்சு நிற மூட்டம்.]

வானத்தில் எவ்வளவு தூரம் பார்க்கிறோமோ அவ்வளவு பழசைப் பார்க்கிறோம். ஆனால் பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பிந்தைய காலத்தோடு பார்வை நின்றுவிடும். அதற்கு முன் பிரபஞ்சம் கொதிக்கும் பிளாஸ்மா. கட்டில்லாமல் அலைந்த எலெக்ட்ரான்கள் மேல் மோதி மோதி, வெளிச்சத்தால் நேராக நாலடி போக முடியவில்லை. மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் வெளிச்சம் இருக்கும், சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த நிலைதான். பிளாஸ்மா ஆறி அணுக்கள் உருவானபோது விடுபட்ட ஒளியைத்தான் 1965 முதல் நுண்ணலைப் பின்னணியாக அளந்து வருகிறோம். நம் சுவர் அது. எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்த தொலைநோக்கியும் அதைத் தாண்டாது.

ஈர்ப்பு அலை தாண்டும்.

[திரையில்: ஒரு வலை. அலை கடக்கும்போது கட்டங்கள் நீண்டு சுருங்குகின்றன.]

அது விண்வெளிக்குள் ஓடும் அலை அல்ல. விண்வெளியே நீண்டு சுருங்கும் அலை. 2015 செப்டம்பர் 14 அன்று, ஈர்ப்பு அலைகளைத் தேடும் அமெரிக்க ஆய்வுக்கூடமான லைகோ அதை முதன்முறையாக நேரடியாகப் பிடித்தது. சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் ஒன்றாகி, மூன்று சூரியன்களின் நிறை அளவுக்கு ஆற்றல் அலையாகப் போனது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் லைகோவின் 4 கிலோமீட்டர் கை எவ்வளவு அசைந்தது தெரியுமா? ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

பொருளோடு ஒட்டாத அலை என்பதால்தான் பிடிப்பது இத்தனை பாடு. ஆனால் அதே குணத்தால்தான் பிளாஸ்மாவும் அதைத் தடுக்கவில்லை. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் எழுந்த அலை இன்றும் எங்கேயோ பயணித்துக்கொண்டிருக்க வேண்டும்.

[திரையில்: ஒரு புள்ளி கண்ணிமைக்கும் முன் விரிகிறது.]

சரி, அது ஏன் எழுந்தது? பெருவெடிப்பின் முதல் நொடியின் மிகமிகச் சிறு துணுக்கில் பிரபஞ்சம் தாறுமாறான வேகத்தில் விரிந்தது என்கிறது இன்ஃப்ளேஷன் கோட்பாடு. (விலைவாசி இன்ஃப்ளேஷன் வேறு, இது வேறு.) அதை உருவாக்கியவர்களில் ஒருவர்தான் லிண்டே. அந்த விரிவில், மிக நுண்ணிய அளவில் ஓயாமல் நடக்கும் குவாண்டம் நடுக்கங்கள் இழுபட்டு ஈர்ப்பு அலைகளாகியிருக்க வேண்டும். இன்று அவை லைகோவுக்கு எட்டாத அளவு பலவீனம். ஆனால் சுவரிலிருந்து ஒளி கிளம்பிய நேரத்தில் அந்த ஒளியின் தளவிளைவில், அதாவது அலை அதிரும் திசையில், ஒரு சுழல் கோலத்தை விட்டுவிட்டுப் போயிருக்கும். பொருளின் அடர்த்தியில் இருந்த ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் அந்த அலைகள் எவ்வளவு வலு என்பதைச் சொல்லும் விகிதமே 0.2.

பைசெப்-2 அந்தக் கோலத்தைப் பார்த்தது உண்மை. கருவியில் கோளாறு இல்லை, கணக்கிலும் பிசகு இல்லை.

[திரையில்: நம் பால்வீதி. புழுதிப் பட்டைகள் மெல்ல ஒளிர்கின்றன.]

குறுக்கே புழுதி இருந்தது. பால்வீதியின் நுண்ணிய தூசித் துகள்கள் காந்தப்புலத்தில் ஒரே பக்கமாக வரிசைப்பட்டு நிற்கும். அவை விடும் நுண்ணலையிலும் அதே சுழல் கோலம் வரும். பைசெப்-2 ஒரே ஓர் அதிர்வெண்ணில்தான் பார்த்தது. ஆகவே எது தூசி, எது தொடக்க அலை என்று பிரிக்க வழியில்லை. பிளாங்க் விண்கலம் பல அதிர்வெண்களில் பார்த்திருந்தது. 2015 தொடக்கத்தில் இரு குழுக்களும் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, தூசியைக் கழித்தால் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. போட்டியாளர்கள் தரவைப் பகிர்ந்துகொண்டு முடிவைத் தாங்களே திருத்தினார்கள் பாருங்கள், ஷாம்பெயின் காட்சியைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

2021-இல் வந்த அளவீடு, அந்த விகிதம் 0.036-ஐத் தாண்டாது என்கிறது. இன்ஃப்ளேஷன் செத்துவிடவில்லை, அதன் எளிமையான வடிவங்கள் சில அடிபட்டுவிட்டன.

[திரையில்: பல்சார்கள் கடிகாரம் போலத் துடிக்கின்றன.]

2023-இல் இன்னொரு பக்கமிருந்து செய்தி வந்தது. வேகமாகச் சுழன்று சீரான துடிப்புகளை அனுப்பும் விண்மீன்களான பல்சார்களின் துடிப்பை 15 ஆண்டுகள் கண்காணித்த நானோகிராவ் குழு, ஓர் அலை கடக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும் அளவுக்கு நீண்ட ஈர்ப்பு அலைகளின் முனகலுக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தது. பெரும்பாலும் ராட்சதக் கருந்துளை ஜோடிகளின் வேலையாக இருக்கும். தொடக்கப் பிரபஞ்சத்தின் பங்கும் இருக்கலாம் என்பவர்களும் உண்டு.

[திரையில்: மூன்று விண்கலங்கள், இடையே லேசர் கோடுகள்.]

அடுத்து லிசா, விண்வெளியிலிருந்தே ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் திட்டம். 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று விண்கலங்கள். 2035 வாக்கில் ஏவத் திட்டம். ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால் அதில் சில துண்டுகள் கடந்த கணத்தில் துகள்களுக்கு நிறை வந்தது. அந்த மாற்றம் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி குமிழியாக நடந்திருந்தால், குமிழிகள் மோதிய அலைகள் லிசாவுக்குக் கேட்கலாம். இன்றைய துகள் கோட்பாட்டின்படி குமிழியே வந்திருக்கக்கூடாது, எல்லாம் சீராக நடந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டால், நம் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறது.