சொல்லாமல் உணர்த்தியதை மீளப் பெறலாமா?

முறிகண்டியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “குறிப்பாக உணர்த்திய ஒன்றைப் பின்னர் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று மறுத்தால் அது பொய்யாகுமா?” இக்கேள்விக்குள் இரண்டு செயல்கள் கலந்து கிடக்கின்றன.

காலபோக விதைப்பு நாட்களில் நம் ஊர்களில் கேட்கும் பேச்சொன்றை எடுத்துக்கொள்வோம். “நாளைக்கு உழவு மெசினைக் கொண்டு வருவியே, தம்பி?” “ரயர் வெடிச்சுப்போச்சு, அண்ணை.” வரமாட்டேன் என்ற சொல் தம்பியின் வாயிலிருந்து வரவேயில்லை, ஆயினும் அண்ணை அப்படித்தான் விளங்கிக்கொள்வார். விடையை எட்டாக வகுத்த நன்னூல், இதனை உற்றதுரைத்தல் (தனக்கு நேர்ந்ததைச் சொல்லி விடையளித்தல்) என்று பெயரிட்டு, நேர்விடை அல்லாவிடினும் பொருளால் விடையாகும் என ஏற்றுக்கொள்கிறது.

இப்போது தம்பி அதே மூச்சில், “எண்டாலும் விடிய ஒட்டுப் போட்டுக்கொண்டு வாறன்” என்று சேர்த்தால், உணர்த்திய பொருள் நீங்கிவிடும்; சொன்ன சொல்லோ அப்படியே நிற்கும். மெய்யியலாளர் போல் கிறைஸ் 1967இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில், முரண்பாடின்றி இவ்வாறு நீக்க முடிவதைக் குறிப்புப்பொருளின் ஓர் அடையாளமாகக் காட்டினார். முற்றத்தில் தம்பியின் இன்னொரு மெசின் நிற்பது அண்ணைக்குத் தெரிந்திருந்தால், நீக்குவதற்கே தேவை இராது. “இரணைமடுவில் சில வான்கதவுகளைத் திறந்திட்டினம், சிலதென்ன, எல்லாத்தையுமே திறந்திட்டினம்” என்பதும் நீக்குதலே: ‘சில’ உணர்த்திய ‘எல்லாம் அல்ல’ என்ற குறிப்பு போய்விடுகிறது.

எல்லாக் குறிப்பையும் இப்படி அழிக்க முடியாது. “கண்ணனும் வந்தான், வேறு ஒருவரும் வரவில்லை” என்றால் கேட்பவர் நெற்றியைச் சுருக்குவார். ‘கண்ணனும்’ என்பதிலுள்ள ‘உம்’ எச்சவும்மை; வேறொருவரும் வந்தார் என்று, சொல்லோடு ஒட்டிய பொருளைத் தருவது; பேசும் சூழலால் வந்ததன்று.

நேயர் கேட்ட மறுப்பு வேறு செயல். அண்ணை வேறொருவருக்கு முற்பணம் கொடுத்து, அந்த மெசின் வயலில் இறங்கிய பிறகு, “நான் வரமாட்டன் எண்டு சொன்னனானே?” என்று தம்பி கேட்பதாக வைத்துக்கொள்வோம். நீக்குபவர் கேட்பவரின் எண்ணத்தை உரிய நேரத்தில் திருத்துகிறார். மறுப்பவர் அந்த எண்ணத்துக்குத் தான் பொறுப்பில்லை என்கிறார். தம்பி அதைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மறுப்பும் ஒரு குறிப்பைத் தாங்கி வருகிறது: “அப்படி நினைக்க நான் இடம் கொடுக்கவில்லை” என்பதே அது. என் கருத்தில், ஏமாற்று இருப்பது அந்த இரண்டாவது குறிப்பில்.