பகடையும் கைபேசியும் படைப்புக்குத் துணையே!

நடுவர் அவர்களே, எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, நாங்கள் சொல்வதையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"படைப்பெழுத்துக்குக் கைக்கருவிகளும் தற்செயல் உத்திகளும் துணையா, தடையா?" என்பது தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று அடி அடித்துவிட்டு அமர்ந்திருக்கிறார். பகடை உருட்டிக் கதை எழுதுவது கிளி ஜோசியம் என்றார். கைபேசியில் எழுதுகிறவனுக்குக் கட்டைவிரல் வேலை செய்கிறது, மூளை ஓய்வெடுக்கிறது என்றார். இந்தக் கூத்தையெல்லாம் ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-லேயே கலிவரின் பயணக் கதையில் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார் என்று முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். நன்றாகப் பேசினால் தட்டுவதில் என்ன குறை?

கடைசி அடியிலிருந்து வருகிறேன். ஸ்விஃப்ட் காட்டும் இயந்திரம் லகாடோ நகரத்துக் கலைக்கழகத்தில் இருக்கிறது. இருபது அடிச் சதுரத்தில் ஒரு சட்டம். அந்நாட்டு மொழியின் சொற்களையெல்லாம் மரத்துண்டுகளில் ஒட்டிக் கம்பியில் கோத்திருக்கிறார்கள். நாற்பது மாணவர்கள் நாற்பது இரும்புக் கைப்பிடிகளைத் திருகுவார்கள். சொற்கள் இடம் மாறும். மூன்று நான்கு சொற்கள் சேர்ந்து வாக்கியத் துண்டுபோல் தெரிந்தால் எழுதி வைத்துக்கொள்வார்கள். நடுவர் அவர்களே, இருபது அடிச் சட்டத்தையும் நாற்பது பேரையும் நான் எந்தக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவது? அது போகட்டும். ஸ்விஃப்ட் எதைப் பார்த்துச் சிரித்தார்? கொஞ்சம் உடலுழைப்பும் கொஞ்சம் காசும் இருந்தால், மேதைமையும் படிப்பும் துளிகூட இல்லாத ஒருவன் தத்துவமும் கவிதையும் சட்டமும் எழுதித் தள்ளலாம் என்று அங்கே ஒரு பேராசிரியர் பெருமையடிக்கிறார். அந்தப் பெருமையைப் பார்த்துச் சிரித்தார். அதைக் கேட்டால் எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் அணியில் எவரும் அப்படிச் சொல்லவில்லை.

நாங்கள் சொல்வது வேறு. எழுத உட்காருகிற எவருக்கும் முதலில் வந்து நிற்பது ஏற்கெனவே எழுதப்பட்ட வாக்கியம். சிறுகதைப் போட்டிக்கு வரும் கதைகளைப் படித்துச் சலித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னலோர இருக்கை, மழை ஓய்ந்த மாலை, முதியோர் இல்லத்து அம்மா, கடைசி வரியில் "அவர் இறந்து ஓராண்டு ஆகிறதே" என்று ஒருவர் சொல்வது. இவற்றை எழுதியவர்கள் யாரும் பகடை உருட்டவில்லை. எல்லாம் நெஞ்சிலிருந்து வந்தவைதான். நெஞ்சும் அரைத்த மாவையே அரைக்கும், நடுவர் அவர்களே! அந்தக் கைப்பழக்கத்துக்குக் குறுக்கே ஒரு கட்டையைப் போடுவதுதான் தற்செயலின் வேலை. அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது.

பாரிஸ் நகரம், 1959. மலிவு விடுதி ஒன்றில் பிரையன் கைசின் என்ற ஓவியர், படத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். மேசை பாழாகாமலிருக்க அடியில் செய்தித்தாள்களைப் போட்டிருந்தார். கத்தி அட்டையோடு தாள்களையும் அறுத்துவிட்டது. ஒரு பக்கத்துச் செய்தியின் பாதி, அடியிலிருந்த இன்னொரு பக்கத்துச் செய்தியின் பாதியோடு சேர்ந்து படிக்கக் கிடைத்தது. படித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய நண்பர், எழுத்தாளர் வில்லியம் பரோஸ் சிரிப்போடு விடவில்லை. அடுத்து வந்த நாவல்களுக்கு அதையே ஒரு முறையாக எடுத்துக்கொண்டார். பரோஸிடமிருந்து அது பாடகர் டேவிட் போவியிடம் போனது. எழுபதுகளில் எடுத்த ஓர் ஆவணப்படத்தில், எழுதிய வரிகளைக் கத்தரித்துத் துண்டுகளை இடம் மாற்றிக் காட்டுகிறார். அதே மனிதர் 1995-இல் வெளிவந்த 'அவுட்சைடு' என்ற இசைத்தொகுப்புக்குப் பாட்டு எழுதும்போது கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். மடிக்கணினியில் 'வெர்பசைசர்' என்று ஒரு நிரல். செய்தித்தாளிலிருந்தும் குறிப்பேட்டிலிருந்தும் வாக்கியங்களை அதற்குள் போட்டால், கலைத்துப் போட்டுத் திரும்பத் தரும். கத்தரி போய்க் கணினி வந்தது. ஆனால் திரையில் வந்து விழுந்ததில் எது பாட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்த கண் மாறவில்லை. எதிரணியினர் கருவியையே பார்க்கிறார்கள். நான் அந்தக் கண்ணைப் பார்க்கச் சொல்கிறேன்.

சொல்லிக்கொண்டே போவதைவிட, மேடையிலேயே செய்து காட்டிவிடுகிறேன். என் கைபேசியில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ஆள், இடம், பொருள், ஒவ்வொன்றிலும் ஆறு. இதோ பகடை. நடுவர் அவர்களே, தங்கள் கையாலேயே மூன்று முறை உருட்டுங்கள். இரண்டு: தபால்காரர். ஐந்து: உப்பளம். ஒன்று: குடை.

இந்த மூன்றையும் நானாகச் சேர்த்திருக்கமாட்டேன். தபால்காரர் என்றால் என் கை ஒரு தெருவையும், வாசலில் காத்திருக்கும் ஒரு தாயையும் எழுதும். குடை என்றால் மழையைக் கூப்பிடும். உப்பளம் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. அங்கே தெருவும் இல்லை, கதவிலக்கமும் இல்லை, பாத்திகளும் வரப்புகளும்தான். மழையை அங்கே யாரும் விரும்பமாட்டார்கள். பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கும்போது ஒரு மழை அடித்தால், வாருவதற்கு முன்பே கரைந்துவிடும். அப்படியானால் குடை எதற்கு? வெயிலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சரிதான், ஆனால் சப்பென்று இருக்கிறது. வேண்டாம். இந்தத் தபால்காரர் வழக்கமாகத் தலையில் துண்டோடு வருகிறவர். இன்றைக்கு மட்டும் குடை கொண்டுவந்திருக்கிறார் என்று வைத்தால்? வரப்பில் அவர் வருவதைக் கண்டதும், உப்பு வாரிக்கொண்டிருக்கும் பெண்கள் அவருடைய பையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருத்தி கேட்கிறாள்: "ரேடியோவில் ஏதாவது சொன்னார்களா அண்ணே?" அவர் கொண்டுவந்த கடிதம் யாருக்கு என்று கேட்க அங்கே ஆளில்லை. எல்லோருடைய கூலியும் அந்தக் குடையில் தொங்குகிறது.

கதை வருமா, வராதா என்பது அப்புறம். முதல் காட்சி வந்துவிட்டது. பகடை தந்தது மூன்று பெயர்ச்சொற்கள். வெயில் குடையை வேண்டாம் என்றது பகடையா? அந்தப் பெண்களை வானம் பார்க்க வைத்தது பகடையா? எதிரணித் தலைவர் கிளி ஜோசியம் என்றாரே, அந்த உவமைக்கு நான் நன்றி சொல்கிறேன். சீட்டை எடுப்பதுதான் கிளியின் வேலை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் படித்து, அந்தச் சீட்டிலிருந்து அவருடைய வாழ்க்கையைப் பேச்சாக விரிப்பவர் ஜோசியர். அதனால்தான் கிளிக்கு நெல்மணி, காசு ஜோசியருக்கு.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். நம் அவதான மேடையை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. முதுகில் கல் எறிவார்கள், இடையிடையே மணி அடிப்பார்கள். இரண்டையும் எண்ணிக்கொண்டே, கூட்டத்திலிருந்து எவரோ வீசும் ஈற்றடிக்கு வெண்பா பாட வேண்டும். அந்த ஈற்றடியைப் புலவர் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் அவரைக் கவிழ்ப்பதற்கென்றே கொடுக்கப்படும். நாகர்கோவில் கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலருக்கு ஒருவர் "துருக்கனுக்கு ராமன் துணை" என்று முடிக்கச் சொன்னதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். துருக்கன் என்றால் இஸ்லாமியர். இஸ்லாமியரான புலவர் எப்படி முடிப்பார் என்று அவை காத்திருந்தது. பாவலர் அதற்கு முன்னால் "பரத லட்சுமண சத்" என்று கொண்டுவந்து நிறுத்தினார். கொடுத்தவர் நீட்டிய துருக்கன், ராமனுடைய தம்பி சத்துருக்கனாகிவிட்டான். வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் அந்த வரி அவருக்கு வந்திருக்குமா? எவரோ போட்ட முட்டுக்கட்டைதான் அவருடைய புலமையை அந்த இடத்தில் வெளியே இழுத்தது.

இப்போது கைபேசிக்கு வருகிறேன். ஒரு நாள் பஸ்ஸில் பின் இருக்கையில் ஒரு பெண்மணி யாரிடமோ பேசிக்கொண்டு வந்தார். "அவர் போனதிலிருந்து மிக்ஸி ஒருமுறைகூட ரிப்பேர் ஆகவில்லை" என்றார். உடனே கைபேசியை எடுத்துத் தட்டி வைத்துக்கொண்டேன். அப்போது எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீடு போய்ச் சேருவதற்குள் என் நினைவு அதற்கு இஸ்திரி போட்டிருக்கும். "அவர் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை" என்று ஆகியிருக்கும். மிக்ஸி போயிருக்கும், மிக்ஸியோடு அந்தத் திருமணமும் போயிருக்கும். கைக்கருவியை நான் வாங்கி வைத்திருப்பது இதற்காகத்தான். தற்செயலாகக் காதில் விழுந்ததை, மூளை திருத்தி வழக்கமாக்குவதற்கு முன்னால் பிடித்து வைக்கிறது.

கருவி மாறினால் எழுத்து மாறும் என்பதை எங்கள் அணி மறைக்கவில்லை. பார்வை மங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சே 1882-இல் மாலிங்-ஹான்சனின் எழுத்துருண்டை என்ற கையடக்கத் தட்டச்சுப்பொறியை வாங்கினார். நம் எழுதுகருவியும் நம் சிந்தனையோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று அப்போது ஒரு நண்பருக்கு எழுதினார். நாவலாசிரியர் நபகோவ் நாவலைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதினார். அமெரிக்காவில் பட்டாம்பூச்சி தேடிக் காரில் சுற்றிய நாட்களிலும் அட்டைகள் கூடவே போயின. நாவலின் எந்த இடம் மனத்தில் தெளிந்ததோ அதை எழுதி, அட்டைகளைப் பிறகு வரிசைப்படுத்திக்கொண்டார். ஜப்பானில் 2007-ஆம் ஆண்டு அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து முதலில் கைபேசியில் எழுதப்பட்டவை. அதில் ஒன்றை, பள்ளி இறுதியாண்டில் பகுதிநேர வேலைக்குப் போகும் வழியில் ஒரு பெண் தட்டித் தட்டியே எழுதினார்; புத்தகமாக வந்து 4 லட்சம் படிகள் விற்றது. அவை பேரிலக்கியம் என்று வாதாட நான் வரவில்லை. மேசையும் தனியறையும் கிடைக்காத ஒருத்தி நாவல் எழுதி முடித்தாள். அதுவே எனக்குப் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் நான் எதிரணியோடு கைகுலுக்குகிறேன். கைபேசி விசைப்பலகையில் அடுத்த சொல்லை அதுவே எடுத்துக் கொடுக்கிறதே, அது எழுத்தாளனுக்குப் பகை. "இனிய" என்று தட்டியதும் "வாழ்த்துகள்" என்று நீட்டுகிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவு உரைபொறிகளும் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய சொல்லை நோக்கியே சாய்கின்றன. அதையும் பகடையையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஒன்று பழக்கத்தை ஊட்டி வளர்க்கிறது, மற்றது பழக்கத்தின் காலை வாரிவிடுகிறது. நான் எழுதும்போது அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எதிரணி இதுவரை அழைக்காத ஒரு சாட்சியை நானே அழைக்கிறேன். பிறகு நான் மறைத்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ. தற்செயலைச் சுதந்திரம் என்று கொண்டாடியவர்களை அவருக்குப் பிடிக்காது. விதி தெரிந்து எழுதுகிறவன், தலையில் தோன்றியதையெல்லாம் எழுதுகிறவனைவிடச் சுதந்திரமானவன். பின்னவன் தனக்கே தெரியாத விதிகளுக்கு அடிமை என்பது அவருடைய கட்சி. வலுவான சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை செய்வோம். அவர் சாடியது தற்செயலை மட்டுமா? எதிரணித் தலைவர் அரை மணி நேரம் போற்றிய "உள்ளத்தில் தானாக ஊறும் உந்துதலை"யும் சேர்த்தே சாடினார். அதே கெனோ 1961-இல் என்ன புத்தகம் போட்டார்? பத்துச் சானெட்டுகள், அதாவது ஒவ்வொன்றும் 14 அடி கொண்ட கவிதைகள். ஒவ்வோர் அடியும் தனித்தனிப் பட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. எந்தப் பட்டையை எதோடு சேர்த்தாலும் எதுகை நிற்க வேண்டும், இலக்கணம் நிற்க வேண்டும், பொருளும் நிற்க வேண்டும் என்று உட்கார்ந்து செதுக்கினார். மொத்தம் எத்தனை கவிதைகள்? ஒரு கோடியைக் கோடியால் பெருக்கிக்கொள்ளுங்கள். எழுதிய கெனோவாலேயே அத்தனையையும் படிக்க முடியாது. அந்தப் புத்தகத்தைத் திறக்கும் எவரும் கைக்கு வந்த பட்டையைத் தூக்கித்தான் தம் கவிதையைப் பெறுகிறார். தற்செயலை வாசலில் நிறுத்தியவர், கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

மணி அடித்துவிட்டது. எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக் 1962-இல் 'தி மேன் இன் தி ஹை கேசில்' என்ற நாவலை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றுவிட்ட ஓர் உலகம். அதில் வரும் பலர் ஐ சிங் என்ற பழஞ்சீன நூலில் குறி பார்க்கிறார்கள். அவர்கள் குறி கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் டிக் தம் மேசையில் நாணயங்களைச் சுண்டினார். வந்த குறியையே எழுதினார். கதை அந்தப் பக்கமே திரும்பியது. முடிவில் ஜூலியானா என்ற பெண், கொலைகாரர்கள் தேடுவதை ஓர் எழுத்தாளரிடம் போய்ச் சொல்வதா, வேண்டாமா என்று தவிக்கிறாள். சொல் என்றது குறி. வேறு விடை வந்திருந்தால் அவளை அங்கே அனுப்பியிருக்கமாட்டேன் என்று டிக் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். மறு ஆண்டு அந்த நாவலுக்கு ஹியூகோ விருது கிடைத்தது. அதில் நாணயம் எழுதிய பக்கம் எது, டிக் எழுதிய பக்கம் எது என்று எதிரணியினர் பிரித்துக் காட்டட்டும். காட்டிவிட்டால், என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே அந்தப் பக்கம் வந்து உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.